மீனைத் தாண்டி வீசுகிறீர்கள்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பவானி. சின்ன வயதில் காவிரியில் மூங்கில் குச்சியும் மண்புழுவும் வைத்துக் கெண்டை, கெளுத்தி பிடித்திருக்கிறேன். ஆறு வருடமாக வேலைக்காகச் சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறேன். கடலில் தூண்டில் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு 12 அடி ராடு, பெரிய ரீல், ஒரு பெட்டி நிறைய லூர் (செயற்கை இரை) எல்லாம் ஆன்லைனில் வாங்கினேன். நீலாங்கரையிலும் பெசன்ட் நகரிலும் ஐந்து ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தேன். ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வெறும் கைத்தூண்டிலோடு நின்ற பெரியவர் கிழங்கான் மீனாக எடுத்துக்கொண்டே இருந்தார். நான் என்ன தவறு செய்கிறேன்? இன்னும் நல்ல ராடு வாங்க வேண்டுமா? எண்ணூர்ப் பக்கம் கல் மேல் நின்றால் பெரிய மீன் கிடைக்கும் என்கிறார்கள், போகலாமா? எனக்கு நீச்சல் தெரியாது. ஒன்பது வயது மகளும் வருவேன் என்கிறாள். மே மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். தடைக்காலத்தில், அதுவும் அங்கே உள்ள தீவுகளில் தூண்டில் போடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வியெல்லாம் முடிவதற்குள்ளேயே பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெறும் கைத்தூண்டிலோடு நின்ற அந்தப் பெரியவரால் எவ்வளவு தூரம் வீச முடியும்? இருபது மீட்டர், மிஞ்சினால் இருபத்தைந்து. நீங்கள் 12 அடி ராடில் எழுபது எண்பது மீட்டர் வீசியிருப்பீர்கள். அவர் மீன் நிற்கிற இடத்தில் இரையைப் போட்டார். நீங்கள் அந்த மீனின் தலைக்கு மேலே வீசி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லாத மணலில் ஈயக் குண்டை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தீர்கள். ராடில் குறை இல்லை. புதிதாக எதையும் வாங்காதீர்கள். தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரன் நான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. இருந்தும் சொல்கிறேன், உங்கள் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

ஆற்றில் பழகியவர்கள் கடலுக்கு வரும்போது இது எப்போதும் நடக்கிறது. காவிரியில் கரை ஓரம் எது, ஆழம் எது, எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழல்கிறது என்று உங்களுக்குக் கண்ணாலேயே தெரிந்திருக்கும். கடல் முன்னால் வந்து நின்றதும் எல்லாம் ஒரே நீலமாகத் தெரியும். பெரிய கடல், மீன் தூரத்தில்தான் இருக்கும் என்று மனசு முடிவு கட்டிவிடும். ஆனால் கடலுக்கும் ஆறு மாதிரியே மேடு பள்ளம் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதித் தொழில் முடிந்தது.

கரையில் நின்று அலையைப் பாருங்கள். ஓர் அலை தன் உயரத்தைவிடச் சற்றே ஆழம் உள்ள இடத்துக்கு வந்ததும் நிற்க முடியாமல் உடையும். ஆக, வெள்ளையாக நுரைத்து உடைகிற இடத்தில் கீழே மணல் மேடு இருக்கிறது. அந்த மேட்டைத் தாண்டி வந்த அலை மறுபடி அடங்கி, உருண்டையாகத் தவழ்ந்து வந்து, கடைசியில் உங்கள் காலடியில் இன்னொரு முறை உடைகிறது அல்லவா? அந்த இரண்டு உடைப்புகளுக்கும் நடுவில் தண்ணீர் கொஞ்சம் கருத்து, கொஞ்சம் அமைதியாக இருக்கும். அதுதான் பள்ளம். அலை கிளறிவிட்ட புழு, சிப்பி, சின்ன நண்டு எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் போய்ச் சேரும். அதைத் தின்ன மீனும் அங்கேதான் வரும். நம் சென்னைக் கரை சட்டென்று சரிகிற கரை. அதனால் பல இடங்களில் இந்தப் பள்ளம் கரையிலிருந்து பதினைந்து, இருபது மீட்டருக்குள்ளேயே கிடக்கிறது. பெரியவர் அதில்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஓதப் பட்டியலை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பார்த்து, தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்துக்குப் போங்கள். ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். நடுவில் வரும் அட்டமி நாட்களில் குறைவு. சென்னையில் ஓதம் பெரிதில்லை. பெரிய நாட்களிலேயே ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் அந்த ஒரு மீட்டர் போதும், மேடும் பள்ளமும் வெளியே தெரிய. எங்கே மேடு அறுந்து ஒரு வாய் மாதிரி இருக்கிறது, எங்கே பள்ளம் கரைக்குக் கிட்டே வளைகிறது என்று பார்த்து, போனில் படம் எடுங்கள். பின்னால் இருக்கிற ஒரு வீட்டையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறியபின் அந்த அடையாளத்துக்கு நேரே நின்று போட வேண்டும். எங்கள் அப்பா கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக் கடலுக்குள் பார், அதாவது மீன் சேரும் கடலடிப் பாறைத் திட்டு, கண்டுபிடிப்பார். கரையில் நீங்கள் செய்யப்போவது அதன் சின்ன வடிவம்தான்.

ஒன்று கவனியுங்கள். இந்த மேடும் பள்ளமும் நிலையாக இருக்காது. நம் கரை ஓரமாக ஒரு நீரோட்டம் ஓடுகிறது. தெற்கிலிருந்து வடக்கே போனால் எங்கள் ஆட்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. மார்ச் முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் வடக்கு நோக்கியும், வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடி, மணலை வாரிக்கொண்டு போகும். ஒரு புயலுக்குப் பிறகு போனால் போன மாதம் பார்த்த பள்ளம் இருக்காது. அதனால்தான் ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். நீலாங்கரை என்றால் நீலாங்கரை. அதிலும் ஒரு ஐந்நூறு மீட்டர். ஒரு வருடம் அங்கேயே போங்கள். வாரம் ஒரு கரைக்கு ஓடுகிறவர்கள் எந்தக் கரையையும் கற்றுக்கொள்வதில்லை.

இப்போது சாமான். உங்கள் 12 அடி ராடு இருக்கட்டும், அதையே வைத்துக்கொள்ளலாம். மெதுவாக, கையை முழுதாக வீசாமல், பக்கவாட்டில் தூக்கிப் போடப் பழகுங்கள். இன்னும் வாங்காதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன்: ஒன்பது, பத்து அடி ராடும் நடுத்தர ரீலும் நம் கரைக்குப் போதும். ரீலில் 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர் நரம்பு. தங்கூசி என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். ஈயம் ஐம்பது, அறுபது கிராம். அதற்கு மேலே ஒரு முழ இடைவெளியில் இரண்டு கிளை நரம்பு, ஒவ்வொன்றும் ஒரு சாண், நுனியில் சின்னத் தூண்டில் முள். இந்தச் சின்ன முள்தான் விஷயம். உங்கள் பெட்டியில் இருக்கிற முள்ளெல்லாம் பெரியது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். ஆன்லைனில் வருகிற பெட்டிகள் எல்லாம் பாறை மீனுக்கும் சுறாவுக்கும் செய்தது மாதிரி இருக்கும். கிழங்கானின் வாய் ஒரு பட்டாணி நுழைகிற அளவுதான். 6, 8 எண் முள் வாங்குங்கள். எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதை மறந்துவிடாதீர்கள், முதலில் எல்லோரும் இதில் குழம்புவார்கள். முள் முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிப் போனால் மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். முடிச்சைக் கடைசியாக இறுக்கும் முன் எச்சிலிலோ கடல் தண்ணீரிலோ நனையுங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசலில் சூடாகி அந்த இடம் பலவீனமாகும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது என்று சொல்கிற கதைகளில் பாதி, முடிச்சு அறுந்த கதை.

லூர் பற்றிக் கேட்டிருந்தால் நிறைய எழுத வேண்டியிருக்கும். இப்போதைக்கு அந்தப் பெட்டியை அலமாரியில் வையுங்கள். பாறை, சீலா துரத்துகிற நாளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தபின் எடுத்தால் போதும்.

இரைக்கு இறால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முழு இறாலை மாட்டினால் கிழங்கான் கொத்திக் கொத்தியே தின்றுவிட்டுப் போய்விடும். தோலுரித்து, சுண்டுவிரல் நகம் அளவு துண்டு போதும். முதல் நாள் இரவே கொஞ்சம் கல்லுப்பு தூவி வைத்தால் சதை இறுகி முள்ளில் நிற்கும். கணவாய்த் துண்டு இன்னும் உறுதி. இவற்றைவிட நல்ல இரை ஒன்று கரையிலேயே காசில்லாமல் கிடைக்கிறது. அலை திரும்பும்போது ஈர மணலில் சின்னச் சின்ன வி வடிவக் கோடுகள் தெரியும். அந்த இடத்தில் கையை விட்டு அள்ளினால் முட்டை வடிவத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி நெளியும். எலிப்பூச்சி என்போம். நண்டு இனம்தான், ஆனால் கடிக்காது, கொடுக்கு கிடையாது. அலையில் இருக்கிற மீன் தினமும் தின்கிற சாப்பாடு அது. உங்கள் மகளுக்கு முதல் வேலை இதுதான். ஒன்பது வயதுப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட வேகமாகப் பிடிப்பார்கள், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

இரையைப் பள்ளத்தில் போட்டதும் நரம்பை லேசான இறுக்கத்தில் விரலில் வைத்துக்கொள்ளுங்கள். ராடை ஸ்டாண்டில் நட்டுவிட்டு போன் பார்ப்பது வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு முழம் மெதுவாக இழுங்கள். ஈயம் மணலில் நகர்ந்தால் சின்னப் புகை மாதிரி மணல் எழும். கிழங்கான் அதைப் பார்க்க வரும். அது மணலுக்குள் மூக்கைச் செருகிப் புழு தேடுகிற மீன், வலை வந்தால் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். அதன் கடி டக் டக் என்று விரலில் மின்சாரம் மாதிரி வரும். வெடுக்கென்று இழுக்காதீர்கள், நரம்பை இறுக்கிச் சுற்ற ஆரம்பியுங்கள், அதுவே மாட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை என்றால் இரையை மாற்றி ஐந்து மீட்டர் தள்ளிப் போடுங்கள். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை என்றால் இருபது அடி நடங்கள். மீன் உங்களைத் தேடி வராது.

கிழங்கானோடு கீச்சானும் வரும். உடம்பில் கருப்பு வில் மாதிரி கோடு போட்டிருக்கும், கையில் பிடித்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும். செவுள் ஓரத்தில் முள் இருக்கிறது, ஈரத் துணியால் பிடியுங்கள். காரப்பொடி, சின்னப் பன்னா, கழிமுகத்துப் பக்கம் போனால் மடவை. ஒரு சாணுக்குக் குறைந்த எதையும் தண்ணீரில் விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் மீனின் மேலுள்ள வழவழப்புப் போகாது, விட்டபின் பிழைக்கும். என்றாவது பெரிய கொடுவா மாட்டினால் இதை நினைவில் வையுங்கள்: கொடுவா ஆணாகப் பிறந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிற மீன். உங்கள் கையில் இருக்கிற அந்தப் பெரிய மீன் அநேகமாக லட்சக்கணக்கில் முட்டை இடப்போகிற தாய். நான் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவேன். நீங்கள் உங்கள் மனசுப்படி செய்யுங்கள்.

இனி உயிர் விஷயம். இதை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

மேடு அறுந்த வாய் பற்றிச் சொன்னேன். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் திரும்ப ஓடும். அங்கே அலை உடையாது, தண்ணீர் அமைதியாக இருக்கும். அதனாலேயே நீச்சல் தெரியாதவர்கள் இது பத்திரமான இடம் என்று நினைத்து அங்கே இறங்குகிறார்கள். அதுதான் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகிற இடம். உங்களுக்கு நீச்சல் தெரியாது என்பதால் சட்டம் ஒன்றே ஒன்று: தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். பள்ளம் இருபது மீட்டரில் இருக்கும்போது இறங்க வேண்டிய தேவையும் இல்லை. அலை கடைசியாக நனைத்த கோட்டுக்கு மேலே நின்று போடுங்கள். ஈயம் சிக்கினால், ராடே கைநழுவி விழுந்தாலும், அதன் பின்னால் போகாதீர்கள். வேறொருவர் இழுத்துச் செல்லப்பட்டாலும் குதிக்காதீர்கள். கயிறு, காலி கேன், ஐஸ் பெட்டி, மிதக்கிற எதையாவது வீசுங்கள், குப்பத்து ஆட்களைக் கூப்பிடுங்கள், 108-க்குப் போடுங்கள். காப்பாற்றப் போய்ச் செத்தவர்களின் எண்ணிக்கை நம் கரைகளில் சின்னதல்ல.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் சும்மா இருக்கும் என்று நம்பாதீர்கள். இங்கே காற்றே இல்லாத நாளில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை சில நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படிப்பட்ட அலைதான் எடுத்துக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள இன்கோய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. சனிக்கிழமை இரவு அதைப் பார்க்காமல் ஞாயிறு காலை வண்டியை எடுக்காதீர்கள்.

எண்ணூர்க் கல் பற்றிக் கேட்டீர்கள். அங்கே ஏன் இவ்வளவு கல் என்று தெரியுமா? நம் கரையில் மணல் வருடக்கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டின துறைமுகச் சுவர் அதை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் ஊருக்குள் ஏறியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடுகளையும் தெருக்களையும் கடல் தின்றதை என் பாட்டி சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். ஊரைக் காப்பாற்றத்தான் அந்தக் கல்லெல்லாம் கொட்டினார்கள். கல் இருக்கும் இடத்தில் மீன் சேரும் என்பது உண்மைதான். கலவா, பாறை, கொடுவா எல்லாம் அந்த இடுக்குகளில் உண்டு.

ஆனால் நீங்கள் இந்த வருடம் அங்கே போகக்கூடாது. நான் கடலோரம் பிறந்தவன், ஐந்து வயதில் நீச்சல் கற்றவன். இருபத்தாறு வயதில் அதே கல்லின் மேல் நின்றிருந்தபோது, அரை மணி நேரமாக முழங்காலுக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்த அலைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் இடுப்பளவு வந்தது. பாசி படிந்த கல்லில் கால் நிற்கவில்லை. இரண்டு கல்லுக்கு இடையில் விழுந்தேன், இடது மணிக்கட்டு முறிந்தது, அடுத்த அலை தலைக்கு மேலே வந்தது. என் சித்தப்பா மகன் ராடை என் பக்கம் நீட்டி இழுத்தான். அவன் இல்லாவிட்டால் இந்தப் பதிலை உங்களுக்கு எழுத ஆள் இருந்திருக்காது. அலைகள் கூட்டமாக வரும், பெரியவை எப்போதாவதுதான் வரும். அதனால் கல்லில் கால் வைக்கும் முன் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தக் கல் ஈரமாக இருக்கிறதோ அந்தக் கல் வரைக்கும் அலை வரும் என்று அர்த்தம். நீச்சல் கற்று, உயிர்காப்புச் சட்டை போட்டு, அந்த இடம் தெரிந்த ஒருவரோடு அடுத்த வருடம் போங்கள். துறைமுகச் சுவர்களும் அனல்மின் நிலையச் சுற்றுப்புறமும் அனுமதி இல்லாத இடங்கள், அங்கே எப்போதுமே வேண்டாம். உயரத்தில் மின்கம்பி போகிற இடத்தில் ராடைத் தூக்காதீர்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், இடி மின்னல் நேரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எண்ணூர்க் கழிமுகம், அடையாறு, கூவம் வாய் ஆகிய இடங்களில் பிடிக்கிற மீனைச் சாப்பிடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் படர்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். மடவையின் செவுளெல்லாம் கருப்பு. இன்னும் அந்தச் சேற்றைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

மகளைக் கூட்டிப் போங்கள், தாராளமாக. நீலாங்கரை மணலுக்கு. அவளுக்கு உயிர்காப்புச் சட்டை மாட்டுங்கள், உங்களுக்கும் ஒன்று. தூண்டில் முள்ளின் முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் கொடுக்கைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், விரலில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும். வீசுகிறபோது உங்கள் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. நரம்பு அறுந்தால் அறுபது கிராம் ஈயம் துப்பாக்கிக் குண்டு மாதிரி போகும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் கரையில் கூட்டம் சேர்ந்துவிடும், அதற்குள் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

ஃப்ளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டு போங்கள். டீக்கு மட்டுமல்ல. கடல் கெளுத்தியின் முள்ளோ திருக்கையின் வால் முள்ளோ குத்தினால் வலி தாங்க முடியாது. அந்த விஷம் சூட்டில் முறியும். கை தாங்குகிற சூட்டில் தண்ணீரைக் கலந்து, குத்துப்படாத கையால் முதலில் சூட்டைப் பார்த்துவிட்டு, குத்துப்பட்ட இடத்தை அதில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருங்கள், பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். முள் உள்ளேயே உடைந்திருக்கலாம். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீரில் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், தேய்க்காதீர்கள். பலூன் மாதிரி உப்புகிற பேத்தையைச் சமைக்க வேண்டாம், அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. கரை ஒதுங்கிய கடல் பாம்பைச் செத்தது என்று நினைத்துத் தொட வேண்டாம். தட்டையான வால் இருந்தால் கடல் பாம்பு, கடுமையான விஷம். கெளுத்தி பற்றி இன்னொன்று. ஆண் கெளுத்தி முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். கோலிக்குண்டு மாதிரி முட்டைகள் வாயிலிருந்து விழுந்தால் பயப்படாமல் மீனை உடனே தண்ணீரில் விடுங்கள். மகளுக்கு அதைக் காட்டுங்கள், மறக்கமாட்டாள்.

தடைக்காலம் பற்றி. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது விசைப்படகுகளுக்கு, இழுவலைகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுகிறவரை அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் மீன் பெருகட்டும் என்றுதான் அந்தத் தடை. அந்த இரண்டு மாதம் சாப்பாட்டுக்கு வேண்டிய நான்கு மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். ராமேஸ்வரம் போகும்போது ராடு கொண்டு போவதில் தவறில்லை, ஆனால் தீவுகள் கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 1986-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டில் போடுவது குற்றம். யாராவது படகுக்காரர் கூட்டிப் போகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள். கடல் அட்டை, கடல் குதிரை கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், உயிரோடு இருந்தாலும் காய்ந்திருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

நீலாங்கரையிலும் உங்களுக்கு முன்னால் வந்த ஒரு விருந்தாளி உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் அந்த மணலில் முட்டையிட ஏறி வரும். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் பல வருடமாக அந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். அந்த மாதங்களில் விடிவதற்கு முன் போனால் வெள்ளை டார்ச் அடிக்காதீர்கள், சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். அறுந்த நரம்பை ஒரு முழம்கூடக் கரையில் விடாதீர்கள். ஆமையின் கழுத்திலும் நாரையின் காலிலும் அது சுற்றியிருப்பதை நான் அவிழ்த்திருக்கிறேன். எப்போதும் அவிழ்க்கிற அளவுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை.

அப்புறம் குப்பத்து ஆட்கள். நீங்கள் நிற்கிற மணல் அவர்கள் படகு ஏற்றி இறக்குகிற இடம், வலை காயப்போடுகிற இடம். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது, அவர்களுக்கு அன்றைய அடுப்பு. படகு கரைக்கு வருவது தெரிந்தால் உடனே நரம்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். வலையைச் செருப்புக் காலோடு தாண்டாதீர்கள். கரைவலை இழுக்கிற நேரத்தில் தூண்டிலை வைத்துவிட்டுப் போய்க் கூடக் கை கொடுங்கள், கற்றுக்கொள்வது நிறைய இருக்கும். இரைக்கு இறாலை சூப்பர் மார்க்கெட்டில் வாங்காமல் கரையில் கூடை வைத்திருக்கும் அக்காவிடம் வாங்குங்கள். அன்றைக்கு எது விழுந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் சொன்ன பெரியவர் அநேகமாக இந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வருவார். ராடு இல்லாமல் போகிறீர்கள் அல்லவா, அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "ஐயா, இன்றைக்குத் தண்ணி தெண்டியா வன்னியா?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அதற்குப் பிறகு அவர் கை காட்டுகிற இடத்தை உங்கள் அடையாளத்தோடு சேர்த்துக் குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்: கரையிலிருந்து எத்தனை அடி, எந்த வீட்டுக்கு நேரே, தண்ணீர் ஏறும்போதா வற்றும்போதா.